துபாய் வழியாக வந்த பெரம்பலூர் முகவரி

போன வாரம் ரவிக்கை வாங்க வந்த ஒரு டீச்சரம்மா, தைத்ததை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சின்னப் பிள்ளைங்க போன்ல இந்த ஆப்பெல்லாம் பாக்கக் கூடாதுன்னு கவர்மெண்டு தடை போடணும்னு டிவியில பேசிக்கிறாங்களே, போட்டா நடக்குமாம்மா?"

நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்த நான் அதை எடுத்துவிட்டுச் சொன்னேன். "நடக்குமான்னு கேக்காதீங்க டீச்சர். யாரு நடத்தி வைப்பான்னு கேளுங்க."

அவர் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் அரியலூர் பஸ் வந்துவிட்டது. "அடுத்த தடவை சொல்லுங்க" என்று ஓடினார். அடுத்த தடவை வரைக்கும் என் வாய் பொறுக்காது. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செந்துறையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் தையல் கடை. இரண்டு மிஷின். ஒன்றில் நான், இன்னொன்றில் அப்போது என் தங்கச்சி. கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. காது போனதால் பேச்சும் வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவளை 'ஊமைப் பொண்ணு' என்றால் நான் அவர்கள் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஊமையாம்! காலையில் கடை திறந்ததிலிருந்து மூடும் வரை அவள் பேசுகிற பேச்சுக்கு எனக்குத்தான் கை வலிக்கும்.

அவள் பேச்சில் எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. நூலைக் கடிக்கிற மாதிரி பல்லருகே விரலைக் கொண்டுபோனால் அது நான். மூக்குத்தியைத் தொட்டால் அது அவள். ஆட்காட்டி விரலை மூக்குக்கு முன்னால் இடமும் வலமும் ஆட்டினால் எங்கள் தாய்மாமா. அப்பா இல்லாத வீட்டில் மாமா சொல்வதுதான் சட்டம். அவர் சொன்னதெல்லாம் 'கூடாது' மட்டும்தான். அதனால் அந்தப் பெயர்.

அவள் பள்ளிக்கூடம் போனது திருச்சிப் பக்கத்தில், காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதியில். எழுத்து கொஞ்சம்தான் வரும். தமிழை எழுதிப் படிப்பது அவளுக்கு வேறொரு பாஷையைப் படிப்பது போல. அங்கே பழகிய தோழிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊருக்குக் கல்யாணமாகிப் போன பிறகு, செந்துறையில் அவள் கையைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னிடமே எத்தனை நாள் பேசுவாள்?

அப்போதுதான் அந்தக் குட்டி வீடியோ செயலி வந்தது. பாட்டுக்கு ஆடுவது, வசனத்துக்கு வாயசைப்பது என்று ஊரே அதில் கிடந்த காலம். பக்கத்துக் கடையில் போன் ரிப்பேர் பார்க்கிற அண்ணன்தான் இவளுக்கும் அதை ஏற்றிக் கொடுத்தார். பாட்டே கேட்காதவளுக்கு இது எதற்கு என்று நான் நினைத்தேன். இரண்டே நாளில் அவள் முகத்தைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. திருநெல்வேலியில் ஒருத்தி, சேலத்தில் ஒருத்தன், ஓசூரில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா, எல்லோரும் கையால் பேசி வீடியோ போட்டிருந்தார்கள். ஊர் முழுக்க ஆடிக்கொண்டிருந்த இடத்தின் ஒரு மூலையில் இவள் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் போய் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதில் ஒருவர் பெரம்பலூர்க்காரர். இரும்பு கேட் செய்கிற பட்டறையில் வெல்டிங் வேலை. அவர் வீடியோவில் பின்னால் எப்போதும் ஒரு கேட் சாய்ந்திருக்கும். சில கேட்டுகளின் நடுவில் தோகை விரித்த மயில் ஒன்று இருக்கும். அது அவரே வளைத்து வைக்கிற மயில். புருவத்தில் வெட்டுத் தழும்பு இருப்பதால் புருவத்தைத் தொட்டால் அது அவர். இவள் ஒரு வீடியோ போடுவாள், அவர் பதிலுக்கு ஒன்று போடுவார். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சி டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, புருவத்தைத் தொட்டாள், பிறகு தன் மூக்குத்தியைத் தொட்டாள், இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினாள். எனக்கு ரசம் புரை ஏறிவிட்டது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தோம். அதற்குள் ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. ஊரடங்குக்கு நடுவில், ஆனி மாதத்தில், ஒரு சாயங்காலம் செய்தியில் சொன்னார்கள், அந்தச் செயலியையும் அதோடு இன்னும் பல வெளிநாட்டுச் செயலிகளையும் அரசாங்கம் தடை செய்துவிட்டது என்று.

மறுநாள் போன் கடை அண்ணனிடம் கூட்டம். பாதிப் பேர் தங்கள் போனிலிருந்து அதை எடுத்துவிடச் சொல்லி வந்தவர்கள். போலீஸ் போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மீதிப் பேர், போனதை எப்படியாவது திரும்ப வைத்துக் கொடுக்கச் சொல்லி வந்தவர்கள். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் போனை நீட்டினார். "இதுல இருக்குதான்னு பாருப்பா. இருந்தா எடுத்துரு. இல்லாட்டி வெச்சுக் குடு." அண்ணன் சிரித்தபடி என்னைப் பார்த்தார். காய்கறி விற்கிற ஒரு அம்மா கூடையை இறக்கிவிட்டுச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "ஆட்டத்தத்தான நிறுத்துனாங்க? கால வெட்டலையே?" மக்கள் வாயிலிருந்து விழுகிற இந்த மாதிரி வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு.

ஆனால் செயலி நின்றுதான் போனது. அதை மறைத்து நான் ஜம்பம் பேச மாட்டேன். சிலருடைய போனில் ஒரு நாள் கூடுதலாக ஓடியது, சிலருக்கு உடனே நின்றது. தங்கச்சி போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அதை அணைத்துத் திறந்தாள். வெயிலில் காட்டினாள். கடைசியில் என் முன்னால் போனை வைத்துவிட்டு, புருவத்தைத் தொட்டு, இரண்டு கையையும் வெறுமையாக விரித்தாள்.

"நம்பர் இருக்குல்ல?" என்று நான் கையில் கேட்டேன்.

இல்லை.

"பேரு?"

மறுபடி புருவத்தைத் தொட்டாள்.

எனக்குத் தலை சுற்றியது. யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போன் நம்பர் என்பது காது கேட்கிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிற சாமான். இவர்கள் இரண்டு பேருக்கும் அது தேவைப்படவே இல்லை. பேரும் அப்படித்தான். எழுதுகிற பேர் ரேஷன் கார்டுக்கு, ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளப் புருவம் போதும். திறந்தால் முகம் வரும், முகம் வந்தால் பேச்சு வரும். அது ஒரு நாள் மூடிவிடும் என்று யார் நினைத்தார்கள்?

அதே வாரம் மாமா வந்தார். அரியலூர்ப் பக்கம் ஒரு வரன். மனைவி தவறிப்போனவர், வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், சமைத்துப் போட ஆள் வேண்டும். "ஆடி பொறந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குள்ள பூ வெச்சிரணும்" என்றார்.

நான் பெரம்பலூர்க்காரரைப் பற்றிச் சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாமா கேட்டார், "எங்க பாத்த மாப்ள?"

சொன்னேன்.

மாமாவின் விரல் மேலே போனது. "கவர்மெண்டே வேணாம்னு எடுத்துப்புட்டான். நாட்டுக்கே ஆவாதது நம்ம வூட்டுக்கு ஆவுமா? தடைன்னா தடைதான் பாப்பா. இன்னமே அந்தப் பேச்சு கூடாது."

தங்கச்சி ஓரமாக நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு என்னிடம் கேட்டாள், "கவர்மெண்டு மாமாவுக்குத் தெரிஞ்சவரா?"

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. டெல்லியிலிருந்து ஒரு போலீஸ்காரரும் செந்துறைக்கு வரவில்லை. யாரும் எங்கள் போனைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாமா இருந்தார். ஏற்கெனவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கெல்லாம் அவர் கையில் இப்போது ஒரு அரசாங்க உத்தரவு இருந்தது. உத்தரவு ஒரு செயலிக்குத்தான். வீட்டுக்குள் வந்து அது ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கும் நீண்டுகொண்டது. எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம். மிஷின் பெடலை மிதித்த மிதியில் பெல்ட் அறுந்துவிட்டது.

போன் கடை அண்ணனிடம் போனேன். அவர் ஏதோ ஒரு குறுக்கு வழிச் செயலியைப் போட்டு, போன் வெளிநாட்டில் இருப்பதாக நம்ப வைத்துப் பார்த்தார். திறந்தது, ஆனால் உள்ளே விடவில்லை. "இந்த ஊர் சிம்முன்னு மோப்பம் புடிச்சிருது தங்கச்சி" என்று கையை விரித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "உண்மையாவே வெளிநாட்டுல யாராச்சும் இருந்தா பாக்கலாம். அங்கல்லாம் இன்னும் ஓடுது" என்றார்.

வெளிநாட்டில் யார்? எனக்குத் தெரிந்த வெளிநாடு ஒன்றுதான். என் கடையில் சுடிதார் தைக்கக் கொடுக்கிற ஒரு ராவுத்தர் வீட்டு அக்காவின் கணவர் துபாயில் இருந்தார். அந்த அக்காவின் கதையே வேறு. அங்கே போனில் முகம் பார்த்துப் பேசுகிற செயலிகளை அந்த நாட்டு அரசாங்கம் அடைத்து வைத்திருக்கிறது. ஆனாலும் இவர்கள் ஒரு நாள் விடாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒன்றை அடைத்தால் அங்கே தங்கியிருக்கிற ஆட்கள் அடுத்த நாளே இன்னொன்றின் பேரைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்களாம்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அல்லாவே, புருவத்த வெச்சு மாப்ள தேடச் சொல்றியே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்துவிட்டார்.

துபாய்க்காரர் போன் திரையில் வந்தார். பனியனோடு ஒரு அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். "அங்க அது தடை, இங்க இது தடை. ரெண்டு கவர்மெண்டும் சேந்து நம்மள பேசவுடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க போல. பாத்துருவோம். தங்கச்சி பக்கத்தோட பேரு என்ன?"

அங்கேதான் சிக்கல். தங்கச்சியின் பக்கத்துக்குப் பேர் வைத்தது போன் கடை அண்ணன். அவரைக் கேட்டால் நெளிந்தார். விளம்பரத்துக்காக, செயலி போட்டுக் கொடுத்த எல்லோருக்கும் தன் கடைப் பேரையே வைத்து, பின்னால் ஒரு நம்பர் மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். யாருக்கு எந்த நம்பர் என்று அவருக்கே தெரியாது!

துபாய்க்காரர் கடைப் பேரைப் போட்டுத் தேடினார். செந்துறையே வந்து நின்றது. வேலை இல்லாத வெள்ளிக்கிழமையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார். நடுநடுவே மனைவிக்குக் குரல் செய்தி வேறு. "ஏம்மா, நம்ம பால்காரரு சாமியாடுற மாதிரி ஆடுறாரே, அவரு வூட்டுல தெரியுமா?" அடுத்தது, "பேங்கு பக்கத்துல இட்லி விக்கிற அம்மா மாதிரி இருக்கு, வசனம் பேசுது பாரு, யப்பா." அதற்கு அடுத்தது, "இந்த ஊருக்கு இவ்ளோ சந்தோசம் எப்பம்மா வந்துச்சு?" அந்தக் கடைசிக் கேள்வியை நான் அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். தடை போட்டவர்கள் யாராவது அதைப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் தங்கச்சி பக்கம் கிடைத்தது. அதிலிருந்து பெரம்பலூர்க்காரர் பக்கம் கிடைத்தது. அக்கா கடைக்கே ஓடி வந்துவிட்டார். ஆனால் துபாயில் இருந்தவர் குரலில் உற்சாகம் இல்லை. "ஆளு இருக்காரும்மா. ஆனா பேரு இல்ல, நம்பரு இல்ல. கடைசியா ஒண்ணு போட்டுருக்காரு. அதுல அவரு மூஞ்சி கூட சரியா இல்ல. சும்மா ரோட்டக் காட்டிக்கிட்டே நடந்து போறாரு. ஒண்ணுமில்ல அது."

"ஒண்ணுமில்லாட்டியும் அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.

அவர் அதைத் தன் போன் திரையிலேயே படம் பிடித்து அனுப்பினார். செந்துறையில் தடை, பெரம்பலூரில் தடை. இரண்டுக்கும் நடுவே பக்கத்து ஊர் பஸ்ஸில் போகிற தூரம். அந்தத் தூரத்துக்கு அது கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. வர எடுத்த நேரத்தில் நான் ஒரு கொக்கி கூடத் தைத்து முடிக்கவில்லை.

தங்கச்சி போனை வாங்கினாள். வீடியோவில் முதலில் அவர் முகம் ஒரு கணம் வந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மூக்கைத் தொட்டார். அவ்வளவுதான். பிறகு போனைத் திருப்பிப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பெரம்பலூர் நாலு ரோடு. அங்கிருந்து ஒரு டீக்கடை, ஒரு பெரிய பிளக்ஸ் பேனர், பேனர் பக்கத்தில் திரும்பினால் தண்ணீர்த் தொட்டி, ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு பட்டறை, பட்டறை வாசலில் சாய்ந்து நிற்கிற கேட்டுகள். அங்கே நின்றது.

தங்கச்சி மிஷினிலிருந்து எழுந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். கை சொன்னது, "வர்றதுக்கு வழி சொல்லியிருக்காரு."

எழுதத் தெரிந்தவன் முகவரியை எழுதியிருப்பான். பேசத் தெரிந்தவன் சொல்லியிருப்பான். அவர் நடந்து காட்டியிருக்கிறார். செயலி மூடுவதற்குள் அவருக்குக் கிடைத்த நேரத்தில் அதைச் செய்திருக்கிறார். எங்கள் போனில் அது முன்னாடியே நின்றுவிட்டதால் இவள் பார்க்கவில்லை. அவர் இவளுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். வராதவளைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

ஆடி பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. மாமா பூ வைக்கிற நாளும் குறித்துவிட்டார்.

பஸ் கிடையாது. மாவட்டம் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். போன் கடை அண்ணன் விண்ணப்பித்துப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். "என்ன காரணம்னு போட்டீங்க?" என்று கேட்டேன். "மாப்பிள்ளை தேடுதல்னு போட்டேன்" என்றார். அந்த மனுஷனிடம் கோபப்படவும் முடியாது.

என் மொபெட்டை எடுத்தேன். அம்மாவிடம் அரியலூரில் லைனிங் துணி வாங்கப் போவதாகச் சொன்னேன். தங்கச்சி பின்னால் உட்கார்ந்தாள், கையில் போன். அரியலூர் தாண்டி மாவட்ட எல்லையில் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள். பெண் போலீஸ் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா போறீங்க? சீட்டு இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப திரும்பிப் போங்க."

"சரிங்க" என்று நான் திரும்பினேன். திரும்பும்போதுதான் பார்த்தேன், சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஒன்று தார்ரோட்டை விட்டு இறங்கி, பக்கத்து மண் பாதையில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சிமெண்டுக்காகச் சுரங்கம் தோண்டித் தோண்டி, வரைபடத்தில் இல்லாத பாதைகள் ஏராளம். கல்லுக்குத் தடை கிடையாது, மனுஷருக்குத்தான். நான் லாரிக்குப் பின்னால் வண்டியை விட்டேன். அந்தப் போலீஸம்மா பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அவருக்கும் வீட்டில் ஒரு மாமா இருந்திருக்கலாம்.

நாலு ரோட்டுக்கு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் தலை முதல் கால் வரை வெள்ளை. தங்கச்சி வீடியோவைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். டீக்கடை, இருந்தது. மூடிக் கிடந்தது. அடுத்து பிளக்ஸ் பேனர். அதைத் தேடினோம். இல்லை. காதுகுத்தோ என்னவோ, விசேஷம் முடிந்து கழற்றிவிட்டிருப்பார்கள். எந்த இடத்தில் திரும்புவது? ஒரு தெருவில் போனோம், முட்டுச்சந்து. இன்னொன்றில் போனோம், மக்காச்சோளக் குடோன். கேட்கலாம் என்றால் ஊரடங்கில் தெருவில் ஆள் இல்லை. நான் சோர்ந்து வண்டியை நிறுத்தினேன்.

தங்கச்சி என் தோளில் அடித்தாள். அடி என்றால் சாதாரண அடி இல்லை. திரும்பினால் ஒரு வீட்டின் கேட்டைக் காட்டினாள். புது கேட், நடுவில் தோகை விரித்த மயில்.

நான் இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். ஒரு அம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கேட்டு யாரு செஞ்சதுங்க?"

"எதுக்கும்மா? உங்களுக்கும் வேணுமா?"

"ஆமாங்க" என்றேன். வேணும் என்றது பொய் இல்லையே.

"பின்னாடித் தெருவுல தண்ணித் தொட்டி இருக்கும் பாரு, அதுக்குப் பக்கத்துல. பேச்சு வராத புள்ள ஒண்ணு இருக்கு, அதுகிட்ட மயிலுன்னு கையில காட்டு. அழகாப் பண்ணும். என்னம்மா ரெண்டு பேரும் மாவு மில்லுல விழுந்துட்டு வந்தீங்களா?"

தண்ணீர்த் தொட்டி. வேப்பமரம். பட்டறை. உள்ளே ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து இரும்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். பொறி பறந்தது. நான் கூப்பிட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். யாரைக் கூப்பிட? தங்கச்சி சுற்றும் முற்றும் பார்த்தாள். நேரே சுவரோரம் போனாள். மெயின் சுவிட்சை அணைத்தாள்.

பொறி நின்றது. பட்டறை இருண்டது. உள்ளறையிலிருந்து முதலாளி "எவன்டா அது?" என்று கத்திக்கொண்டு வந்தார். குனிந்திருந்தவர் கோபத்தோடு நிமிர்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்பினார். புருவத்தில் தழும்பு.

எதிரே வெள்ளையாக நின்ற உருவத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தங்கச்சி முகத்தைத் துடைக்கவில்லை. மெதுவாக விரலைக் கொண்டுபோய் மூக்குத்தியைத் தொட்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை. அவ்வளவு வேகம். முதலாளி என்னிடம் வந்தார். "யாருங்க நீங்க? இந்தப் புள்ள தெனம் வேலை முடிஞ்சி நாலு ரோட்டுல போயி நிக்கிறான். போலீஸ் வெரட்டுது, மறுபடி போயி நிக்கிறான். எதுக்குடான்னா மூக்கத் தொட்டுக் காட்டுறான். சளி புடிச்சிருக்குன்னு நானும் மாத்திரை வாங்கிக் குடுத்தேங்க."

நான் சிரித்த சிரிப்பில் என் மேலிருந்த சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்தது. அவருடைய பேரை முதலாளியிடம் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம்பரையும் வாங்கினேன். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எதற்கு என்பது போல உதட்டைப் பிதுக்கினாள்.

பூ வைக்கிற நாள் வந்தது. மாமா அந்த அரியலூர்க்காரரையும் அவருடைய அக்காவையும் கூட்டி வந்தார். ஊரடங்கு என்பதால் அவ்வளவு பேர்தான். நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன், பெரம்பலூர்க்காரரைப் பார்த்துவிட்டு வந்தோம், அவர் வீட்டிலும் பேசியாயிற்று என்று.

மாமாவின் விரல் எழுந்தது. "கவர்மெண்டு தடை பண்ணுன எடத்துல புடிச்ச மாப்ளைய இந்த வூட்டுல ஏத்துக்க முடியாது."

"கவர்மெண்டு ஆப்பத்தான் மாமா தடை பண்ணுச்சு. அதுக்குள்ள இருந்த ஆளுங்கள பண்ணல" என்றேன். "பண்ணியிருந்தாலும் நாங்க கேட்டிருக்க மாட்டோம்."

"வாயப் பாரு! ஏ அக்கா, உம் மவ பேசுறதப் பாத்தியா?"

அம்மா அப்போதும் தலையைக் குனிந்துதான் இருந்தார். தங்கச்சி எழுந்தாள். பூத்தட்டை எடுத்தாள். மாமாவைத் தாண்டிப் போய், அந்த அரியலூர்க்காரர் முன்னால் நின்று, தட்டை அவர் கையில் மரியாதையாகக் கொடுத்தாள். கும்பிட்டாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, புருவத்தைத் தொட்டு, இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினாள். அதற்குப் பாஷை தெரிய வேண்டியதில்லை.

அவர் தட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "பொண்ணுக்கு இஷ்டம்னு சொன்னீங்களே?"

"அதுக்கு எங்கங்க கேக்குறது? அதுக்குத்தான் பேச்சு வராதே" என்றார் மாமா.

"இப்பப் பேசுதேங்க" என்று அவர் எழுந்துகொண்டார். செருப்பைப் போட்டுக்கொண்டே அம்மாவிடம், "நல்லா இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அவருக்கு இன்றைக்கும் நான்தான் சட்டை தைத்துக் கொடுக்கிறேன்.

அம்மா அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தினார். மாமாவிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சாப்ட்டுட்டுப் போடா."

ஆவணியில் கல்யாணம். துபாய்க்காரரும் வந்திருந்தார். மண்டபத்தில் முன்வரிசை நாற்காலி ஒன்றில், அங்கே இன்னும் அடைக்காத ஒரு செயலி வழியாக, போனுக்குள் உட்கார்ந்திருந்தார். மாமா முதல் முறையாக அந்தப் போனைக் கையில் எடுத்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். இப்போது அவர் போனைக் கீழே வைப்பதில்லை. கண்டதையும் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புகிறார்.

டீச்சரம்மா கேட்டதற்கு வருகிறேன். கடையை மூடுவது அரசாங்கத்தால் முடியும். முடிந்தது. அந்தச் செயலி இந்த நாட்டில் இன்றுவரை இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். தங்கச்சியும் புருவக்காரரும் இப்போது வேறொன்றில் கையை வீசிப் பேசுகிறார்கள். அதையும் மூடினால் இன்னொன்றுக்குப் போவார்கள். பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தங்கச்சி மகள் இங்கே வரும்போது போனை விட மறுத்தால் நானும்தான் பிடுங்கி வைக்கிறேன். ஆனால் அவள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உத்தரவு உட்காராது. உத்தரவு போட்டுவிட்டுப் போனால், மீதியை அந்தந்த வீட்டு மாமாக்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குப் பயம் அதுதான்.

போன லீவில் வந்த துபாய்க்காரர் ஒன்று சொன்னார். பெரம்பலூர் நாலு ரோட்டிலிருந்து நடந்து காட்டிய அந்த வீடியோ இன்னும் அங்கேயே இருக்கிறதாம். துபாயில் இருக்கிறவன் பார்க்கலாம், லண்டனில் இருக்கிறவன் பார்க்கலாம். டீக்கடை, பேனர், தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம் எல்லாம் தெரியும். எந்த நாட்டுக்காரனும் அதைப் பார்த்து அந்தப் பட்டறைக்கு வந்துவிடலாம். இங்கே இருக்கிற நாங்கள் மட்டும் பார்க்கக் கூடாது.

பார்க்க வேண்டாம், போகட்டும். தங்கச்சி அந்த வழியாகத்தான் தினமும் காய் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.